ஆறாம் அறையின் கோணல்

தோட்டப்பாளையத்தில் எங்கள் மாடியில் எட்டு அறைகள்.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குத் தினவாடகை.
மால்டா, தன்பாத், சில்சார் என்று
நான் பார்க்காத ஊர்களெல்லாம்
ரசீதுப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கின்றன.

மாடி எழும்பியது ஏழு வருஷம் முன்பு, கத்திரி வெயிலில்.
கட்டர் கிளப்பிய செங்கல் தூசி
மகிமைதாஸின் புருவத்தில் சிவப்பாய் உட்கார்ந்திருந்தது.
சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலே காடி வெட்டி,
தூக்குக்குண்டு விட்ட மாதிரி பைப்பை இறக்கி,
கோழிவலை அறைந்து
ஒவ்வொரு சுவராய் முடித்துவந்தான்.

ஆறாம் அறையில் எனக்குக் கணக்கு உறுத்தியது.
மூலைக்கு மூலை குறுக்கே விட்டால்
அரைப் பைப்பு மிச்சம், ஒரு பெண்டு மிச்சம்,
ஒயரில் ஐந்தாறு மீட்டர்.

"வேணாங்க்கா" என்றான்.
"சொவத்துக்குள்ள போறத எவனும் பாக்கப்போறதில்ல.
அதனாலதாங்க்கா நேரா போவணும்."

பூசிவிட்டால் எல்லாம் நேர்தான் என்றேன்.
அவன் அப்புறம் பேசவில்லை.
சாயங்காலம் கீழே மீட்டர் பெட்டியில்
நான் கேட்காத சாமான் ஒன்று ஏறியிருந்தது.
கரண்டு கசிந்தால் கண்ணிமைக்குள் தட்டிவிடுமாம்.
"இதுல மட்டும் பேரம் வேணாங்க்கா."
பேசினேன். நூறு ரூபாய் குறைந்தது.

பூச்சு வந்தது, பட்டி வந்தது,
மேலே வெளிர்பச்சை வந்தது.
என் கோணல் எனக்கே மறந்துபோனது.

போன மாசியில் நிமாய் மண்டல் வந்தார்,
மனைவி ஷிப்ராவோடு.
கேரளத்தில் பதினொரு வருஷம் கட்டட வேலை,
மலையாளம் பூசிய ஒரு தமிழ்.
கொசுவலைக்கு ஆணி அடிக்கலாமா என்று கேட்டார்.
தலையாட்டினேன்.

அவர் சுவரைப் பார்த்த விதத்தைச் சொல்லவேண்டும்.
சுவிட்சைப் பார்த்தார். அதன் நேர் மேலே விட்டம்வரை பார்த்தார்.
ஏசி பாயிண்டைப் பார்த்தார்.
உள்ளங்கை விரித்து ரெண்டு சாண் தள்ளி
விரல் முட்டியால் தட்டி, காது வைத்தார்.
வேலை தெரிந்தவன் அடிக்கக்கூடாத இடம் எதுவோ
அங்கே அவர் அடிக்கவில்லை.

மூன்றாவது அடியில்
மாடி முழுக்க ஃபேன்கள் தளர்ந்தன.
நிற்கும் முன் அவை சுற்றும் கடைசிச் சுற்றுகள்
அவ்வளவு நேரம் எடுக்கும் என்று
அன்றுதான் தெரிந்தது.

ஓடினேன்.
சுத்தியல் தரையில்.
வலதுகையை இடதுகையால் பிடித்தபடி
"என் தப்பு, என் தப்பு" என்று நின்றார்.
கட்டிலில் ஷிப்ரா
ஊசி குத்திக் கன்றிய புறங்கையைத் தூக்கிக் காட்டி
என்னவோ சொன்னாள்.
ஏழாம் அறைக்காரர் எனக்குச் சொன்னார்:
"நாலு நர்சு தேடியும் இவங்களுக்கு நரம்பு சிக்கலையாம்.
இவருக்கு ஒரே ஆணியில சிக்கிடுச்சாம்."
எல்லோரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் பிந்தி.

மகிமைதாஸ் வந்து பூச்சை உதிர்த்தான்.
சாம்பல் நிறப் பைப்பு சாய்ந்து கிடந்தது,
நோட்டில் ஒரு தொகையை அடித்துவிட்ட கோடு மாதிரி.
அதன் நடுவயிற்றில் ஆணி, முனை கறுத்து.
என்னைப் பார்த்தான்.
சொல்லிக்காட்டியிருக்கலாம்.
"ஸ்டூல் குடுங்க்கா" என்றான்.

மறுநாளே நேராக்கினோம்.
பூசுமுன் டேப்பை விரித்துப் பிடித்து
தரையிலிருந்து எத்தனை, நிலையிலிருந்து எத்தனை என்று
ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன்.
இப்போது எட்டு அறைக் கதவுகளின் பின்னாலும்
சுவரின் படம் ஒட்டியிருக்கிறது.
எந்த மொழிக்காரருக்கும் புரியும்:
சிவப்புக் கோடு, அதன்மேல் ஒரு ஆணி, ஆணிமேல் பெருக்கல் குறி.

காலி செய்த அன்று நிமாய்
சுவருக்கு எவ்வளவு என்று பர்ஸைத் திறந்தார்.
மூன்று நாள் வாடகையைக் கழித்து ரசீது நீட்டினேன்.
தொகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
உண்மை பல்லுக்குப் பின்னால்வரை வந்து நின்றது.

"கணக்குல ஒரு தப்பு. முன்னாடியே பண்ணிட்டேன்" என்றேன்.

கொசுவலையை மடித்துப் பையில் வைத்தார்.
கூட்டிப் பார்க்கவில்லை.